சிங்கை கண்ட குழாய் நீர்

சிங்கப்பூர் எஸ்பிளனேட் பூங்காவில் வார்ப்பிரும்பினால் ஆன பழைய நீரூற்று ஒன்று நிற்கிறது. கடற்காற்று வாங்க வருவோர் அதனருகே படம் எடுத்துக்கொண்டு செல்கின்றனர். நகராண்மைக் கழகத்தார் அதனை 1882-ஆம் ஆண்டில் எழுப்பியது, கால் நூற்றாண்டுக் காலம் தீராதிருந்த ஒரு நன்றிக்கடனைத் தீர்ப்பதற்காகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிங்கை நகருக்குக் குழாய் நீர் கிடையாது. ஆன் சியாங் குன்றிலும் ஸ்பிரிங் தெருவிலும் இருந்த கிணறுகளிலிருந்து மாட்டுவண்டிகளில் நீர் ஏற்றிச் சென்றனர். மலாய் மொழியில் நீர் வண்டி என்று பொருள்படும் கிரேத்தா ஆயர் என்னும் பெயர் அவ்வட்டாரத்துக்கு வழங்கலாயிற்று. வண்டிகள் மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை.

1857-ஆம் ஆண்டில், மலாக்காவில் பிறந்து சிங்கையில் வணிகத்தால் உயர்ந்த டான் கிம் செங் என்னும் சீனப் பெருமகனார், நகருக்கு நல்ல நீர் கொணர 13,000 வெள்ளியை அரசாங்கத்திடம் அளித்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. தண்ணீருக்கென்று கொடுத்த பணம் தண்ணீராய்ச் செலவாயிற்றேயன்றி, ஒரு குடம் நீரும் ஊருக்குள் வந்தபாடில்லை. 1864-இல் வள்ளல் கண்மூடினார்.

பின்னர் தாம்சன் சாலையை அடுத்த பள்ளத்தாக்கில் அணை எழுந்தது. 1868-இல் நீர்த்தேக்கம் முடிந்துவிட்டது. ஆனால் ஏற்று இயந்திரங்களும் ஊருக்குள் நீரைப் பகிர்ந்தளிக்கும் குழாய்களும் முடிந்தது 1877-ஆம் ஆண்டிலேதான்! ஏரி நிறைந்து கிடக்க, ஊரார் ஒன்பது ஆண்டுகள் பழைய கிணறுகளையும் வண்டிகளையும் நம்பியே வாழ்ந்தனர். அணை கண்ணுக்குத் தெரியும் வேலை. அதற்குப் பணம் ஒதுக்க ஆட்சியாளர் தயங்குவதில்லை. மண்ணுக்குள் மறையும் குழாய்க்கு அந்த ஆதரவு எளிதில் கிட்டுவதில்லை போலும்.

ஏற்று இயந்திரம் ஏன் இன்றியமையாதது என்பதை அறிய நகரின் குன்றுகளை நோக்கினால் போதும். தேக்கத்து நீரை வடிகட்டி, உயர்ந்த இடத்துத் தொட்டியில் ஏற்றினால்தான் அது தானே இறங்கி வீடுகளுக்குப் பாயும். எமிலி மலை, பெர்ள்ஸ் மலை, கானிங் கோட்டைக் குன்று ஆகியவற்றின் உச்சிகளில் காலப்போக்கில் தொட்டிகள் அமைந்தது இதனாலேயே.

குழாய் வந்துவிட்டதனால் கிணறுகள் ஒழிந்துவிடவில்லை. முன்னர்க் கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாயிருந்த பேராசிரியர் சிம்ப்சன் 1907-இல் வெளியிட்ட அறிக்கை, நெருக்கமான கடை வீடுகளின் சுகாதாரக் கேட்டை விரிவாக எடுத்துரைத்தது. நீர் வழங்குவது ஒரு வேலை. கெட்ட நீரைக் கைவிடச் செய்வது மற்றொரு வேலை. பின்னதுதான் கடினம்.

தேவை பெருகவே, 1910-இல் காலாங் ஆற்றில் இரண்டாம் தேக்கம் கட்டினர். 1922-இல் தாம்சன் சாலைத் தேக்கத்துக்கு மெக்ரிச்சி என்றும், காலாங் தேக்கத்துக்குப் பியர்ஸ் என்றும் நகராண்மைக் கழகப் பொறியாளர் இருவரின் பெயர்களைச் சூட்டினர். தகும். எனினும் அக்கழகத்தின் கூலிப்படையில் பெரும் பகுதியினர் தென்னிந்தியத் தொழிலாளர். அவர்கள் பெயரில் ஏரி எதுவும் இல்லை.

தீவின் நீர் போதாதென்று 1927-இல் ஜொகூருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, குனோங் பூலாயிலிருந்து நீரைப் பாலத்தின் மீது குழாய் வழியே கொணர்ந்தனர். 1942 ஜனவரி 31-இல், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அப்பாலத்தைத் தகர்த்தபோது குழாயும் அறுபட்டது. தீவிலிருந்த தேக்கங்களில் நீர் இருந்தும், குண்டுவீச்சில் உடைந்த தெருக் குழாய்கள் வழியே அது வீணாயிற்று. அகதிகளால் நிறைந்திருந்த நகரம் பிப்ரவரி 15-இல் சரணடைந்தது. தளபதி பெர்சிவல் சரணடைய முடிவு செய்ததற்குக் கூறப்பட்ட காரணங்களுள் நீர் நெருக்கடியும் ஒன்று.

போருக்குப் பின் நகர மன்றத்தின் பொறுப்பிலிருந்த நீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் 1963 மே முதல் நாள் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் வந்தன. புதிய கழகம் பொறுப்பேற்ற வேளை நல்ல வேளையன்று. வறட்சியால் ஏப்ரலிலேயே தண்ணீர்ப் பங்கீடு தொடங்கிவிட்டது. அது 1964 பிப்ரவரி முடிய நீடித்தது. குழாயடியில் வாளிகளுடன் காத்து நின்ற மக்களுக்கு அக்கழகம் முதன்முதலாக அறிமுகமானது, எந்த நேரத்தில் நீர் நிற்கும் என்று அறிவித்த கால அட்டவணையின் மூலமாகத்தான்.