தறியோசையும் தொழிலாளர் உளமும்

கிருலப்பனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே, ஹவ்லொக் வீதியோரமாக இன்று வானளாவிய மாடிக் குடியிருப்புக்கள் எழுந்து நிற்கும் நிலம், முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கிய இடமாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோன்றிய இவ்வாலை இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1933ஆம் ஆண்டு இங்கு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, கொல்வின் ஆர். டி சில்வாவைத் தலைவராகக் கொண்ட தொழிற்சங்கம் உருவாயிற்று. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்த இளைஞர் குழுவினருக்குத் தொழிலாளரிடையே காலூன்ற இதுவே முதற்களமாயிற்று. சிங்களவரும் மலையாளிகளும் தமிழரும் அவ்வாலையில் உழைத்தனர்.

அத்தொழிலாளரின் கூலியைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அவர்கள் நாள் முழுவதும் தாங்கி நின்ற ஓசையைப் பற்றிய குறிப்போ அரிது. நாடா ஓடும் விசைத்தறிகள் நிறைந்த கூடத்தில் ஓசை ஏறத்தாழ 100 டெசிபெல் அளவை எட்டும். அருகில் நிற்பவரின் காதருகே கத்தினாலும் சொல் விளங்காத நிலை அது. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாளர் உதட்டசைவாலும் சைகையாலும் உரையாடும் ஒரு முறையையே வகுத்துக்கொண்டனர்.

இத்துன்பம் அறிவுலகின் கவனத்தை மெதுவாகவே ஈர்த்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் இரமசினி, வெனிஸ் நகரச் செம்புக் கன்னார் செவிடராவதை எழுதிவைத்தார். 1886இல் தோமஸ் பார் என்பார் கிளாஸ்கோ நகரிலே கொதிகலன் செய்வோர் 100 பேரைச் சோதித்து, அவருள் ஒருவருக்கேனும் குறைவற்ற செவிப்புலன் இல்லையெனக் கண்டார். எனினும் செவியின் கேடு மட்டுமே அன்று ஆராயப்பட்டது. சிந்தனையும் மனநிலையும் எவ்வாறாகின்றன என்ற வினா எழவில்லை. இதற்குக் காரணம் யாது? இயந்திரம் கையை நசுக்கினால் குருதி தெரியும். ஓசையின் காயமோ கண்ணுக்குப் புலனாகாது. மேலும், பழைய தொழிலாளி ஓசையைப் பொருட்படுத்தாதபோது, அவன் அதற்குப் பழகிவிட்டான் எனக் கருதப்பட்டது. செவியின் நுண்மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. ஆகவே பழக்கம் எனப் போற்றப்பட்டது பலரிடத்துச் செவிட்டுத்தன்மையின் தொடக்கமேயாகும்.

உளத்தை நோக்கிய ஆராய்ச்சிக்கும் தறிக்கூடமே வழிகாட்டியது. 1930களில் வெஸ்டன், அடம்ஸ் என்னும் இருவர் பிரித்தானிய நெசவாளருக்குச் செவிக்காப்பு அளித்துப் பார்த்தனர். மொத்த உற்பத்தி சிறிதே உயர்ந்தது. நெசவாளரின் சொந்தத் திறனைச் சார்ந்த பகுதியோ தெளிவாக உயர்ந்தது. பின்னர் டொனல்ட் புரோட்பென்ட், பேரோசையில் மனிதனின் கவனம் கணப்பொழுதுகளில் அறுபடுவதைப் பரிசோதனைகளால் காட்டினார். 1960இல் அவரும் லிட்டிலும் படச்சுருளுக்குத் துளையிடும் ஆலையொன்றின் சில பகுதிகளில் ஓசையைத் தணித்து ஆராய்ந்தபோது, வேலையின் வேகம் எல்லாப் பகுதிகளிலும் கூடிற்று. தவறுகளோ ஓசை தணிந்த பகுதியிலேயே குறைந்தன. ஓசை கையின் வேகத்தைக் குறைக்காமலே கருத்தைச் சிதைக்கவல்லது என்பது இதனாற் பெறப்படும்.

மனநிலை பற்றிய விளக்கம் 1972இல் கிளாஸ், சிங்கர் ஆகிய அமெரிக்கர் வெளியிட்ட நூலில் தெளிவுற்றது. எதிர்பாரா வேளைகளில் எழும் ஓசைக்கு உட்பட்டோர், ஓசை நின்ற பின்னரும் கடினமான புதிர்களை விரைவில் கைவிட்டனர். விரும்பினால் ஓசையை நிறுத்தலாம் என ஒரு பொத்தான் கொடுக்கப்பட்டோர், அதனை அழுத்தாதபோதும், நீண்ட நேரம் முயன்றனர். தன் சூழலின்மீது தனக்கு ஆட்சியுண்டு என்னும் நம்பிக்கையே அவர்களைக் காத்தது.

இவ்வுண்மையைக் கொண்டு வெள்ளவத்தை ஆலையை மீண்டும் நோக்குதல் தகும். 1933இன் போராட்டம் ஓசைக்கு எதிராக எழுந்ததன்று. ஆயினும் தறியை நிறுத்தும் உரிமையற்றிருந்த மனிதர், கூட்டாக அதனை நிறுத்திய நிகழ்ச்சி அது. மாலையில் வீடு திரும்பும் தொழிலாளியின் களைப்பையும் சினத்தையும் பேசாமையையும் அவனது இயல்பெனக் கொள்வது எளிது. அவற்றுள் எவ்வளவு பகுதி தறிக்கூடத்திலிருந்து அவனோடு வந்தது என வினவுவதே நேர்மையாகும்.

இலங்கையில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இல் இயற்றப்பட்டது. சுற்றாடல் ஓசையைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதிகள் 1996இல் வந்தன. உலகின் பல நாடுகள் எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்லை எச்சரிக்கை எல்லையாகக் கொண்டுள்ளன. அளவுகோல் இன்று நம்மிடம் உண்டு. அதனை ஆலைக்குள் எடுத்துச் செல்லும்படி கேட்கும் குரல் தொழிலாளரிடமிருந்தும், அவர்தம் வரலாற்றை எழுதுவோரிடமிருந்தும் எழவேண்டும். கூலிப் பதிவேட்டிலே இடம்பெறாத இழப்பும் இழப்பே என்பதை வரலாறு பதிவுசெய்தல் அதன் கடமையாகும்.