ஆட்டிசமுடைய பெரியவர்களுக்கான உளச்சிகிச்சை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உளச்சிகிச்சை பெரும்பாலும் பேச்சின் வழியே நிகழ்வது. ஆலோசகர் வினவுகிறார், நாடி வந்தவர் தம் உள்ளத்தைச் சொல்லில் வெளியிடுகிறார். மொழியையும் உணர்வையும் வேறு வகையில் கையாளும் நரம்பியல் அமைப்புடையோர்க்கு இம்முறை எவ்வாறு பயன்படும் என்ற வினா நெடுங்காலம் முதன்மை பெறவில்லை. ஆட்டிசம் (மதியிறுக்கம்) உடைய பெரியவர்களை முன்னிறுத்தி, அவ்வினா வலுப்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

குழந்தைகளோடு நின்ற பார்வை

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடித்தளமிட்டது. மறு ஆண்டில் வியன்னாவில் ஆன்ஸ் அஸ்பெர்கர் வெளியிட்ட ஆய்வும் குழந்தைகளைப் பற்றியதே. பின்னர், தாயின் அன்பின்மையே ஆட்டிசத்திற்குக் காரணம் என்னும் கருத்து பரவியது. 1967இல் வெளிவந்த புருனோ பெட்டல்ஹைமின் நூல் அதற்கு வலுச் சேர்த்தது. ஆயினும், 1964இலேயே பெர்னார்ட் ரிம்லண்ட் உயிரியல் காரணங்களை முன்வைத்து அதனை மறுத்திருந்தார். தாய்மார்மீது சுமத்தப்பட்ட பழி காலப்போக்கில் நீங்கிற்று. எனினும், வளர்ந்து பெரியவரானோரின் அச்சத்தையும் சோர்வையும் கேட்பார் அரியர். 1981இல் இலண்டனைச் சேர்ந்த லோர்னா விங், வளர்ந்தவர்களையும் உள்ளடக்கி எழுதிய கட்டுரை இந்நிலையில் ஒரு திருப்பமாகும்.

குறை யாருடையது?

உணர்வுகளை இனங்கண்டு சொல்ல இயலாமையை 1973இல் பீட்டர் சிஃப்னியோஸ் ‘அலெக்சிதைமியா’ எனப் பெயரிட்டார். உணர்வுக்குச் சொல்லின்மை என்பது இக்கிரேக்க வழிச் சொல்லின் பொருள். அவர் கண்டது உடல்நோயோடு உளத்தாக்கமும் கொண்ட நோயாளரை. ஆட்டிசமுடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இந்நிலை காணப்படுவதை 2019இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. இத்தகையோரிடம் “இப்போது எப்படி உணர்கிறீர்கள்?” என வினவினால் மௌனமே விடையாகலாம். அம்மௌனத்தை ஒத்துழையாமை என எண்ணிச் சிகிச்சை பயனற்றது என முடிவு செய்வது எளிது. அத்தவற்றின் சுமையோ நாடி வந்தவர்மீதே விழுந்தது.

இம்மனப்போக்கை மாற்றியதில் ஆட்டிசமுடையோரின் குரலுக்குப் பெரும் பங்குண்டு. 1993இல் ஜிம் சின்கிளேர், தம் போன்றோரைக் கண்டு துயருற வேண்டியதில்லை எனப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தார். 2012இல் டேமியன் மில்டன், புரிதல் குறைவு இருதரப்புக்கும் உரியது என வாதிட்டார். ஆட்டிசமுடையவர் பிறரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதுபோலவே பிறரும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகின்றனர் என்பது அவர் கருத்து.

மாறிய சிகிச்சை

அதே 2012ஆம் ஆண்டில், ‘நைஸ்’ எனப்படும் இங்கிலாந்தின் தேசிய நலத்துறை நிறுவனம் ஆட்டிசமுடைய பெரியவர்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. உளநலச் சிக்கல்களுக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சையை எவ்வாறு மாற்றியமைப்பது என்பதை அது வரையறுத்தது. தெளிவான கட்டமைப்பு, எழுத்தும் படமும் மிகுந்த விளக்கம், விதிகளை வெளிப்படையாகக் கூறல், எளிய மொழி, இடையிடையே ஓய்வு, அவர்தம் தனி ஆர்வங்களைப் பயன்படுத்தல் ஆகியன அவற்றுள் சில. உருவகத்தையும் இருபொருள் தரும் சொல்லையும் இயன்றவரை தவிர்க்குமாறும் அது பரிந்துரைத்தது.

இப்பரிந்துரையின் நுட்பம் தமிழாசிரியர்க்கு எளிதில் விளங்கும். “மனம் கனக்கிறதா?” என்னும் கேள்வி ஒருவருக்கு ஆறுதலாகவும் மற்றொருவருக்கு விடுவிக்க இயலாத புதிராகவும் அமையலாம். “நேற்று எத்தனை மணிநேரம் உறங்கினீர்கள்? உண்ண முடிந்ததா?” என வினவினால் அவரும் விடை கூற இயலும்.

முடிவுரை

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. சிகிச்சை பலனளிக்காதபோது நாடி வந்தவரைக் குறைகூறுவதற்குமுன், கேட்ட கேள்வியை மறு ஆய்வு செய்தல் வேண்டும். அக்கடமை உணரப்படாத காலத்தில் உதவி பெறாமலே முதுமையடைந்தோரும் உளர் என்பது மறத்தற்கரியது.