மின்வழங்கியில் மின்தூண்டி

மின்தூண்டி என்பது, தன் வழியே ஓடும் மின்னோட்டம் கூடினாலும் குறைந்தாலும் அந்த மாற்றத்தை எதிர்க்கும் கம்பிச்சுருள். பழைய டியூப்லைட் பட்டியில் கனத்துக் கிடந்த சோக் இதன் ஒரு வகைதான்.

அமெரிக்காவில் ஆல்பனி அகாடமியில் கணிதம் கற்பித்த ஜோசப் ஹென்றி 1832-இல் ஒரு செய்தியை வெளியிட்டார். மின்கலத்தோடு இணைத்த குட்டைக் கம்பியை விலக்கினால் பொறி தெரிவதில்லை. நீளக் கம்பியை விலக்கினால் தெரிகிறது. அதையே சுருளாகச் சுற்றினால் பொறி இன்னும் பிரகாசிக்கிறது. காந்தப்புலத்தில் தங்கிய ஆற்றல்தான் அப்படி வெளிவந்தது. 1893-இல் சிகாகோ மாநாடு தூண்டலின் அலகுக்கு ஹென்றியின் பெயரைச் சூட்டியது.

வால்வு ரேடியோக் காலத்தில் சுருளின் வேலை அலைவைத் தணிப்பது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தினால், நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும் நேர்மின்சாரம் கிடைக்கும். வடிகட்டாவிட்டால் ஒலிபெருக்கியில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கும். இதைத் தடுக்க, இரும்புத் தகடுகளின்மேல் ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய, 10 ஹென்றி அளவிலான சோக்கை வைத்தார்கள். 1930-களின் பல பெட்டிகளில் ஒலிபெருக்கியின் மின்காந்தச் சுருளே சோக்காகவும் உழைத்தது. அத்தகைய பெட்டியில் ஒலிபெருக்கியைக் கழற்றினால் வால்வுகளுக்கு உயர் அழுத்தமே போகாது. செலவை மிச்சம்பிடித்த அருமையான யோசனை அது!

பெரிய மின்தேக்கிகள் மலிவானதும் சோக் ஒதுங்கியது.

அதை மீட்டுக் கொண்டுவந்தது ட்ரான்சிஸ்டர். 12 வோல்ட்டை 5 ஆக்க, பழைய முறை மீதி 7 வோல்ட்டை வெப்பமாக எரித்தது. 1 ஆம்பியருக்கு 7 வாட் வீண். ஸ்விட்ச்சிங் முறையில் ட்ரான்சிஸ்டர் கதவுபோலத் திறந்து மின்னோட்டத்தை விடும்போது அந்த 7 வோல்ட் சுருளின்மேல் விழ, மின்னோட்டம் ஏறி ஆற்றல் சேர்கிறது. மூடியதும் சுருள் விடாமல் டையோடு வழியே மின்னோட்டத்தை இழுத்து, சேமித்ததைக் கொடுக்கிறது. 1977-இல் வந்த ஆப்பிள் II கணினிக்கு ராட் ஹோல்ட் இவ்வகை மின்வழங்கியை வடிவமைத்தார், விசிறி தேவைப்படவில்லை.

வேகமாகத் திறந்து மூடினால் சிறிய சுருளே போதும். ஆனால் அந்த வேகத்தில் இரும்புத் தகடு சூடேறும். அதனால் ஃபெரைட் உள்ளகம் வந்தது. அதில் விடும் மெல்லிய காற்று இடைவெளியில்தான் ஆற்றலின் பெரும்பகுதி தங்குகிறது. அளவு மீறி உள்ளகம் காந்தத்தால் நிறைந்துவிட்டால் எதிர்ப்பு சரிந்து, மின்னோட்டம் பாய்ந்து ட்ரான்சிஸ்டர் போய்விடும்.

இன்றைய மதர்போர்டில் பிராசஸரை ஒட்டி வரிசையாக நிற்கும் சாம்பல் நிறச் சதுரக் கட்டிகள் மின்தூண்டிகளே. 12 வோல்ட்டைச் சுமார் 1 வோல்ட்டாக இறக்க உதவுகின்றன. மேலே ‘ஆர்22’ என்றிருந்தால் 0.22 மைக்ரோஹென்றி; ரேடியோ சோக்கைவிட ஏறத்தாழ நாலரைக் கோடி மடங்கு குறைவு.