யாழைப் பழித்த மொழியும் ஒரு துண்டுக் காந்தமும்

வேதாரண்யம் கோயிலுக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அங்கே இருக்கும் சரஸ்வதியின் கையில் வீணை கிடையாது. சுவடி மட்டும்தான்!

தலபுராணம் ஒரு காரணம் சொல்கிறது. இந்த ஊரின் பழைய பெயர் திருமறைக்காடு. அம்பாளின் பெயர் 'யாழைப் பழித்த மொழியாள்'. வடமொழியில் 'வீணாவாத விதூஷணி' என்பார்கள். சரஸ்வதி வீணை வாசித்துக்கொண்டிருந்தபோது அம்பாள் வாய் திறந்து பேசினாளாம். அந்தப் பேச்சின் இனிமைக்கு முன்னால் தன் வீணை எடுபடாது என்று தெரிந்ததும், சரஸ்வதி வீணையை வைத்துவிட்டுச் சுவடியை எடுத்துக்கொண்டாளாம். சுந்தரர் தேவாரத்திலேயே இந்த அம்பாளின் மொழி யாழோடு ஒப்பிடப்படுகிறது.

கதை பக்திக் கதைதான். ஆனால் நம் இசையின் அளவுகோல் முழுவதும் அதற்குள் இருக்கிறது. குரல்தான் முதலில், தந்தி அதற்குப் பின்னால்தான். இன்றும் ஒரு வீணை வித்துவானையோ வயலின் வித்துவானையோ பாராட்ட வேண்டுமானால் 'பாடுகிற மாதிரியே வாசிக்கிறார்' என்றுதானே சொல்கிறோம்?

குரலை எட்டிப் பிடிக்கத் தந்தி எடுத்த முயற்சிகளில், இருபதாம் நூற்றாண்டில் யாரும் எதிர்பார்க்காத ஒரு பொருள் வந்து சேர்ந்தது. காந்தம்! மின்கிட்டாரில் எந்தக் காந்தம் வைத்தால் எந்த நாதம் வரும் என்பது மேல்நாட்டில் முடியாத விவாதம். அதே காந்தம் நம்மூர் வாத்தியங்களிடம் வந்தபோது என்ன ஆனது? அதைப் பார்ப்பதற்கு முன் வீணையின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

வீணையின் சின்னக் குரல்

யாழ் நம் கண்ணுக்கு முன்னால் இல்லை. அது வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அது எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் எழுதிய 'யாழ் நூல்', 1947இல் இதே காவிரி டெல்டாவில், திருக்கொள்ளம்பூதூர் கோயிலில்தான் அரங்கேறியது. யாழின் தந்திக்குத் தமிழில் 'நரம்பு' என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்று நாம் பார்க்கும் 24 மெட்டு வீணை, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவானது என்பது வரலாறு. பலா மரத்தில் குடைந்த குடம், தண்டி, யாளி முகம், மெழுகில் பதித்த மெட்டுகள். வாசிக்க நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாதம் உண்டு, ஆனால் சத்தம் குறைவு. வேதாரண்யம் பிராகாரத்தில் நாகஸ்வரமும் தவிலும் ஒலித்தால் தெருக்கோடி வரை கேட்கும். இந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக் கச்சேரி உலகத்துக்குக் கொண்டுபோன வேதாரண்யம் வேதமூர்த்தியும் நாகஸ்வர வித்துவான்தான். வீணையோ கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்க வேண்டிய வாத்தியம். ஆயிரம் பேர் உட்காரும் சபாவில் அது என்ன செய்யும்?

காந்தம் வந்த கதை

இதே பிரச்சினை அமெரிக்காவில் கிட்டாருக்கு இருந்தது. நடனக் கூடங்களில் ஊதுகருவிகளுக்கு நடுவே கிட்டார் காணாமல் போனது. 1930களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் போஷாம்ப் என்ற வாத்தியக்காரரும், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற தொழிலதிபரும் சேர்ந்து ஒரு மின்கிட்டார் செய்தார்கள். பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் 'வாணலி' என்றே கேலிப் பெயர் வந்தது! 1932இல் விற்பனைக்கு வந்தது. 1934இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1937இல்தான் கிடைத்தது.

அதில் இருந்த தத்துவம் எளிமையானது. தந்திகளைச் சுற்றி இரண்டு லாடக் காந்தங்கள், அவற்றோடு ஒரு கம்பிச் சுருள். உருக்குத் தந்தி காந்தத்தின் அருகில் இருந்தால் தானும் காந்தத்தன்மை பெறும். அது அதிரும்போது சுருளுக்குள் இருக்கும் காந்தப்புலம் மாறும். புலம் மாறினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். இது 1831இல் ஃபாரடே கண்ட உண்மை. அந்த மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் சத்தம் தயார். இந்த அமைப்புக்குத்தான் 'பிக்கப்' என்று பெயர்.

அந்தக் காலத்துக் காந்தங்கள் பெரியவை, கனமானவை. நிலைமையை மாற்றியவர்கள் ஜப்பானியர்கள். 1917இல் கொட்டாரோ ஹோண்டா கோபால்ட் கலந்த காந்த உருக்கைக் கண்டுபிடித்தார். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த சுமிடோமோ கிச்சிசாயெமோனின் பெயரெழுத்துகளை வைத்து அதற்கு 'கே.எஸ். உருக்கு' என்று பெயரிட்டார். (பணம் போட்டவர் பெயர் கண்டுபிடிப்பில் நிற்பது அபூர்வம்தான்!) 1931இல் டொகுஷிச்சி மிஷிமா இரும்போடு நிக்கலும் அலுமினியமும் சேர்த்தால் இன்னும் வலுவான காந்தம் கிடைக்கும் என்று காட்டினார். அந்த வழியில் வளர்ந்ததுதான் அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றின் பெயரையும் ஒட்டவைத்த 'அல்நிகோ'.

எந்தக் காந்தம், எந்த நாதம்?

அல்நிகோவில் பல வகை உண்டு. எண் வைத்துச் சொல்வார்கள். கிட்டார்க்காரர்கள் வாயில் அடிக்கடி வருபவை 2, 3, 5. மூன்றாம் எண்ணில் கோபால்ட் கிடையாது, வலு குறைவு. இரண்டு நடுத்தரம். ஐந்து வலுவானது, 1950களின் நடுவிலிருந்து ஃபெண்டர் கிட்டார்களின் அடையாளம். கிப்சன் நிறுவனம் 1957இல் கொண்டுவந்த இரட்டைச் சுருள் பிக்கப்பில் ஆரம்ப வருடங்களில் கைக்குக் கிடைத்த வகையைப் போட்டார்கள். அதனால் ஒன்றுபோல் ஒன்று ஒலிக்காது. இன்று அந்தப் பழைய பிக்கப்புகளுக்கு லட்சக்கணக்கில் விலை!

1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் ஆய்வகம் செராமிக் காந்தத்தைக் கொண்டுவந்தது. இரும்பு ஆக்சைடும் பேரியம் கார்பனேட்டும் சேர்த்துச் சுட்டு எடுப்பது, ஏறக்குறைய மண்பாண்டம் மாதிரி. மூலப்பொருள் மலிவு. அல்நிகோவுக்குக் கோபால்ட் வேண்டும், கோபால்ட்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் ஜைரேயிலிருந்து வந்தது. 1978இல் அங்கே ஷாபா மாகாணத்தில் கலகம் வெடித்ததும் கோபால்ட் விலை பல மடங்கு ஏறியது. ஒலிபெருக்கி செய்கிறவர்கள் கூட்டம் கூட்டமாகச் செராமிக்குக்கு மாறினார்கள். எங்கோ ஒரு சுரங்கத்தில் நடந்த சண்டை, உலகம் முழுவதும் பாட்டு கேட்கும் விதத்தை மாற்றியது. பொருளாதாரப் பாடத்தில் 'மாற்றுப் பொருள்' என்று படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, காந்தத்துக்கென்று ஒரு நாதம் உண்டா? 'அல்நிகோ இனிமை, செராமிக் கரகரப்பு' என்று சொல்வது வழக்கம். உண்மை அதைவிடக் கொஞ்சம் நுணுக்கமானது. காந்தம் மூன்று விதத்தில் வேலை செய்கிறது.

முதலாவது, வலு. வலுவான காந்தம் அதிக மின்சாரம் தரும். ஆனால் தந்தியையும் தன் பக்கம் இழுக்கும். மிக அருகில் வைத்தால் தந்தி சுதந்திரமாக அதிர முடியாது. சுருதி பிசகும், நாதம் சீக்கிரம் அடங்கும்.

இரண்டாவது, உலோகத்தின் குணம். சுருளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சுருளின் மின்தூண்டல் மாறும். அது மாறினால் பிக்கப் எந்த ஸ்தாயியைத் தூக்கிக் காட்டும் என்பது மாறும். பொதுவாக இந்தத் தூக்கல் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. நம் காது மிகவும் கூர்மையாக இருக்கும் இடமும் அதுதான்.

மூன்றாவது, மின்சாரம் கடத்துவது. அல்நிகோ உலோகம், அதனால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி உச்ச ஒலிகளைக் கொஞ்சம் மழுக்கும். செராமிக் கடத்தாது.

செராமிக்குக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலிவு கிட்டார்களில் அதைப் போட்டார்கள். சத்தம் அதிகம் வேண்டும் என்று நிறையச் சுற்றுகள் சுற்றிய பிக்கப்புகளிலும் அதைத்தான் போட்டார்கள். சுருள் செய்த வேலைக்குப் பழி காந்தத்தின் மேல் விழுந்தது!

வீணையிடம் காந்தம் தோற்ற இடம்

இப்போது நம்மூருக்கு வருவோம். இந்தப் பிக்கப்பை ஒரு தஞ்சாவூர் வீணையில் மாட்டினால் என்ன ஆகும்?

சாரணியும் பஞ்சமமும் உருக்குத் தந்திகள். நன்றாகக் கேட்கும். மந்தரமும் அனுமந்தரமும் மரபாகப் பித்தளைத் தந்திகள். பித்தளையைக் காந்தம் கண்டுகொள்ளாது. தந்தி அதிரும், காந்தம் ஊமையாக இருக்கும். வீணையின் கம்பீரமே அந்தக் கீழ் ஸ்தாயியில்தான் இருக்கிறது. உருக்குக் கம்பியின் மேல் செம்பு சுற்றிய தந்திகளைப் போட்டால் உள்ளே இருக்கும் உருக்கு மட்டும் கேட்கும். யாழுக்கு இதை மாட்டியிருந்தால்? நரம்பில் இரும்பு ஏது! ஒரு ஒலியும் வந்திருக்காது.

அடுத்தது கமகம். வீணையில் ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் ஸ்வரங்களை வரவழைக்கிறார்கள். ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒரு காந்தத் துண்டு நிற்கும் பிக்கப்பில், தந்தி நகர்ந்தால் காந்தத்தை விட்டு விலகும். ராகத்தின் உயிரான இடத்தில் ஒலி மங்கும். துண்டுகளுக்குப் பதில் நீளமான தகடு வைத்தால் இது சரியாகும்.

கடைசி விஷயம்தான் முக்கியமானது. காந்தம் நேரடியாகக் கேட்பது தந்தியின் அசைவை மட்டும். பலாக் குடத்திலிருந்தும் குதிரையின் மேல் தகட்டிலிருந்தும் காற்றில் பரவும் ஒலி அதன் காதில் விழாது. வீணையை வீணையாக்குவதே அந்த ஒலிதானே?

அதனால் வீணைக் கலைஞர்கள் பலரும் தேர்ந்தெடுத்தது 'கான்டாக்ட் மைக்'. குடத்தின் மேல் ஒட்டிவைக்கும் சின்ன வில்லை. உள்ளே இருக்கும் படிகம் அழுத்தப்படும்போது மின்சாரம் தரும். பித்தளை, உருக்கு என்று வித்தியாசம் பார்க்காது, மரத்தையே கேட்கும். காந்தப் பிக்கப் பொருத்திய வீணைகளும் மேடைக்கு வந்தன, ரசிகர்களையும் பெற்றன. ஆனால் 'இது வீணை நாதம்தானா?' என்ற கேள்வியும் கூடவே வந்தது.

மாண்டலினிடம் காந்தம் ஜெயித்த இடம்

காந்தம் கர்நாடக இசையில் முழுதாக ஜெயித்தது வேறொரு வாத்தியத்தில். ஆந்திராவின் பாலகொல்லில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், மாண்டலினைக் கையில் எடுத்தபோது சின்னப் பையன்.

மாண்டலினில் எட்டுத் தந்திகள், ஜோடி ஜோடியாக. தட்டினால் 'டிங்' என்று ஒலித்து உடனே அடங்கிவிடும். நீண்ட கார்வைக்கும் கமகத்துக்கும் அதில் இடமே இல்லை. ஸ்ரீநிவாஸ் ஜோடிகளைக் கழற்றினார். ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினில் வாசித்தார். கட்டையான உடல் என்பதால் தந்தியின் சக்தி காற்றில் சீக்கிரம் கரையாது. அடங்கிக்கொண்டே போகும் ஒலியின் கடைசி இழையையும் பிக்கப் பிடித்துக் கொடுக்கும். கார்வை நீண்டது, கமகம் பேசியது.

அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார், பையன் அதை அப்படியே தந்தியில் கொண்டுவருவான். 1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி, 1981இல் சென்னை, 1983இல் பெர்லின் ஜாஸ் விழா. 'மின்சார வாத்தியத்தில் கர்நாடக சங்கீதமா?' என்று புருவம் உயர்த்தியவர்கள் உண்டு. கேட்ட பிறகு அடங்கினார்கள். 2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதில் அவர் மறைந்தபோது, மாண்டலின் என்பதே நம்மூர் வாத்தியம் என்று நினைக்கிற ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது.

இரண்டு கேள்விகள்

மேல்நாட்டுக் கிட்டார்க்காரர் காந்தத்திடம் கேட்டது நிறம். இனிமையா, கூர்மையா, கரகரப்பா? நம்மூர்த் தந்தி வாத்தியம் காந்தத்திடம் கேட்டது நீளம். ஒரு ஸ்வரம் குரலைப் போல மூச்சுவிடும் நேரம் நிற்குமா? மாண்டலினுக்கு நீளம் குறை, காந்தம் அதைக் கொடுத்தது. வீணைக்குக் குறை சத்தம் மட்டும்தான், நாதம் ஏற்கனவே இருந்தது. காந்தம் சத்தத்தைக் கொடுத்து, கீழ்த் தந்தியையும் மரத்தையும் விலையாகக் கேட்டது. அந்த விலையைப் பலர் கொடுக்கவில்லை.

ஆகவே 'எந்தக் காந்தம் நல்லது?' என்று கேட்பதற்கு முன்னால், 'வாத்தியத்துக்கு என்ன குறை?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வேதாரண்யத்தில் சரஸ்வதி வீணையைக் கீழே வைத்தது ஒலி சின்னதாக இருந்ததால் இல்லை. அதைவிட இனிமையான குரல் ஒன்று கேட்டதால். எந்தக் காந்தம் போட்டாலும், எத்தனை வாட் ஒலிபெருக்கி வைத்தாலும், நம் தந்திகளுக்கு முன்னால் இன்றும் நிற்பது அந்தக் குரல்தான்.