ஸ்டீவ் என்றொரு கையொப்பம்

1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் நிறுவனங்கள் பலவற்றுக்கு ஒரு பெண்மணி கடிதங்கள் எழுதினார். கணினிக்கு வேண்டிய நிரல்களை எழுதித் தருகிறோம், வேலை கொடுங்கள் என்பதே அவற்றின் சாரம். ஸ்டெபனி ஷெர்லி என்று கையொப்பமிட்டவரை பதில் வரவில்லை. ‘ஸ்டீவ்’ என்று கையொப்பமிட்டுப் பாரேன் என்றார் கணவர் டெரிக். பதில்கள் வரத் தொடங்கின. ஸ்டீவ் என்பவர் ஆண் அல்லர் என்பது, அவர் அறைக்குள் நுழைந்து கைகுலுக்கும்போதுதான் எதிரிலிருந்தவர்களுக்குத் தெரிந்தது.

ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரின் பின்னே மேரி ஆன் எவன்ஸ் நின்று எழுதிய நாடு அது. அங்கே இது புதிதன்று. ஆனால் நூறாண்டு கழிந்தும், பழைய வழக்கங்கள் எவையும் வேர்விடாத கணினித் துறையிலும் அதே திரை தேவைப்பட்டது என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

பெயர் மாற்றம் அவருக்கும் புதிதன்று. 1933இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் வேரா புக்தால் என்ற பெயரோடு பிறந்தவர் அவர். தந்தை யூதர், நீதிபதி. நாஜி ஆட்சியில் பதவி பறிபோக, குடும்பம் வியன்னாவுக்குப் பெயர்ந்தது. 1939இல், ஏறத்தாழ 10,000 குழந்தைகளைப் பிரிட்டனுக்குக் கொண்டுசேர்த்த மீட்பு முயற்சியில், ஐந்து வயது வேராவும் ஒன்பது வயது அக்காவும் ரயிலேற்றப்பட்டனர். முன்பின் அறியாத ஆங்கிலத் தம்பதியர் அவர்களை வளர்த்தனர். பெற்றோர் உயிர் பிழைத்தனர். ஆனால் அறுந்த உறவு மீண்டும் ஒட்டவில்லை. காப்பாற்றப்பட்ட உயிர் வீண்போகக் கூடாது என்ற எண்ணமே தம்மை இயக்கியதாக அவர் பலமுறை கூறியிருக்கிறார்.

பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பிக்கப்படாததால், தனி அனுமதி பெற்று ஆண்கள் பள்ளிக்குச் சென்று பயின்றார். பின்னர் லண்டன் டாலிஸ் ஹில்லிலிருந்த அஞ்சல்துறை ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். போர்க்காலத்தில் கொலோசஸ் கணினி உருவானது அங்கேதான். பகலில் பணி, மாலையில் வகுப்பு என ஆறாண்டுகள் உழைத்துக் கணிதப் பட்டம் பெற்றார். பின்பு சேர்ந்த தனியார் நிறுவனத்திலும் பெண் என்ற காரணத்தாலேயே மேலே செல்லும் வழி அடைபட்டது. 1962இல் 6 பவுண்டு முதலீட்டில், வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார்.

அன்று மென்பொருள் என்பது இயந்திரத்தோடு இலவசமாக வருவது. அதை விலைக்கு விற்பதா என்று சிரித்தார்கள். அதையும் ஒரு பெண்ணிடமிருந்து வாங்குவதா என்று மேலும் சிரித்தார்கள். திருமணத்துக்காகவோ மகப்பேற்றுக்காகவோ வேலையை விட்ட திறமைமிக்க பெண்களை அவர் தேடிப்பிடித்தார். வீட்டில் தொலைபேசி இருக்க வேண்டும் என்பது முக்கியத் தேவை. அவர்கள் காகிதத்தில் பென்சிலால் நிரலை எழுதி அஞ்சலில் அனுப்புவார்கள். அது துளையிட்ட அட்டையாகவோ நாடாவாகவோ மாறிச் சரிபார்க்கப்பட்ட பின்னரே கணினியை அடையும். சரக்கு ரயில்களின் கால அட்டவணை முதல் கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல்வரை இப்படி வீடுகளில் உருவானவைதாம். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தால், ஷெர்லி தட்டச்சு ஓசையைப் பதிவு செய்த ஒலிநாடாவை ஓடவிடுவார், கைக்குழந்தையின் அழுகுரல் கேட்காதிருக்க.

முதல் 300 பணியாளரில் ஆண்கள் மூவர் மட்டுமே. 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. பெண்களுக்கே வேலை என்னும் கொள்கை சட்டவிரோதமாயிற்று. பெண்களின் நலன் காக்க வந்த சட்டத்தால் ஆண்களையும் சேர்க்க நேர்ந்த முரணை அவர் நகைச்சுவையோடு நினைவுகூர்வதுண்டு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வேலையை வீட்டுக்குள் கொண்டுவருவது பெண்ணுக்கு விடுதலையா, இரட்டைச் சுமையா? சமையலும் குழந்தையும் அவள் பொறுப்பு என்ற ஏற்பாட்டை அந்நிறுவனம் மாற்றவில்லை. அதற்கேற்பத் தன்னை வளைத்துக்கொண்டது. குழந்தையின் அழுகை மறைக்கப்பட வேண்டியதாகவே இருந்தது. 2020இல் பெருந்தொற்று உலகையே வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோது பலரும் அவரை முன்னோடி என்று கொண்டாடினர். அந்தச் சுமை இன்னும் சமமாகப் பகிரப்படவில்லை என்பதையும் அதே காலம் காட்டியது.

அவர் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1963இல் பிறந்த ஒரே மகன் கைல்ஸ், இரண்டரை வயதளவில் கற்றிருந்த சில சொற்களையும் இழந்தான், கடுமையான ஆட்டிசம். நிறுவனத்தையும் மகனையும் ஒருசேரச் சுமந்தவர் ஒரு கட்டத்தில் மனமுறிவுற்று மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. கைல்ஸ் 1998இல், 35ஆம் வயதில், வலிப்பு நோயால் உறக்கத்திலேயே இறந்தார்.

ஆயினும் ஒன்றில் ஷெர்லி தம் காலத்தை முந்தியிருந்தார். பங்குகளை ஊழியர்களுக்குப் படிப்படியாகப் பகிர்ந்தளித்தார். 1996இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தபின் ஊழியர்களில் 70 பேர் கோடீஸ்வரர்களாயினர் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். வீட்டு மூலையில் பென்சில் பிடித்த கை கூலியோடு நிற்காமல் உரிமையும் பெற்றது. மேற்கேட்ட கேள்விக்கு அவரால் தர முடிந்த விடை இதுதான் எனலாம்.

1993இல் ஓய்வுபெற்றார். தம் செல்வத்தில் 6 கோடி பவுண்டுக்கு மேல் கொடையளித்தார். ஆட்டிசக் குழந்தைகளுக்கான பிரயர்ஸ் கோர்ட் பள்ளி, ஆய்வுக்கான ஆட்டிஸ்டிகா அறக்கட்டளை, ஆக்ஸ்ஃபோர்ட் இணைய ஆய்வு நிறுவனம் ஆகியவை அவற்றால் எழுந்தன. 2000இல் ‘டேம்’ விருது பெற்றார். 2025 ஆகஸ்டில் தம் 91ஆம் வயதில் மறைந்தார். ஆணென்று காட்டிக்கொள்ள வேண்டிய தேவை ஒழிந்து நெடுங்காலம் ஆன பின்னும், அவர் இறுதிவரை ஸ்டீவ் என்றே அழைக்கப்பட்டார். வேரா, பிறப்போடு வந்த பெயர். ஸ்டீவ், அவரே எடுத்துக்கொண்ட பெயர்.