தில்லிக் குன்றும் அதை நடந்து காத்தவர்களும்

தலைநகரில் வாழும் தமிழரிடம் இவ்வூரில் மலை உண்டா என்று கேட்டால், பெரும்பாலோர் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரைத்தான் சொல்வார்கள். குன்று கண்ட இடத்தில் குமரனை வைப்பது நம்மவர் வழக்கம். 1973-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட அந்தச் சுவாமிநாத சுவாமி கோயில் நிற்கும் பாறை, தனித்து முளைத்த கல் அன்று. குஜராத்தில் தொடங்கி, இராஜஸ்தானத்தையும் ஹரியானாவையும் கடந்து, எழுநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடிவரும் ஆரவல்லி மலைத்தொடரின் கடைக்கோடி அது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய அம்மலை, தேய்ந்து தேய்ந்து, வஜீராபாத்தின் அருகே யமுனைக் கரையில் மண்ணுக்குள் மறைகிறது. புது தில்லி நிலையத்தில் இறங்கியதும் நாம் காலடி வைக்கும் பஹாட்கஞ்சின் பெயரிலேயே மலை இருக்கிறது. ஊருக்குள் இம்மலைக்கு 'ரிட்ஜ்' என்று பெயர். நாம் குன்றுத்தொடர் என்போம்.

இது பார்வைக்குப் பெரிய மலை அன்று; நம் பழனியையும் பொதிகையையும் கண்ட கண்ணுக்கு மேடாகவே தோன்றும். ஆயினும் இதன் வேலை பெரிது. மேற்கே பாலையிலிருந்து வரும் புழுதிக் காற்றின் வேகத்தைத் தணிப்பது இது. பாறை வெடிப்புகளின் வழியாக மழைநீரைக் கீழே இறக்கி, நகரின் கிணறுகளுக்கு ஊற்றாய் இருப்பதும் இதுதான். பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் இங்கே வேட்டை மாளிகைகள் எழுப்பினான்; மீரட்டிலிருந்து கொண்டுவந்த அசோகர் தூண் ஒன்றையும் வடக்குக் குன்றில் நிறுத்தினான். 1857-இல் ஆங்கிலப் படை நகரை முற்றுகையிட்டது இதே குன்றின்மேல் இருந்துதான்.

1911-ஆம் ஆண்டு டிசம்பரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு வந்தது. இராய்சினா மேட்டில் எழவிருந்த ஆட்சி மாளிகைகளுக்குப் பின்னே பசுந்திரை வேண்டும் என்று நகரமைத்தவர்கள் விரும்பினார்கள். 1913-ஆம் ஆண்டில் குன்றின் ஒரு பகுதி ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. அதாவது, இக்காடு முதன்முதலில் காக்கப்பட்டது ஆள்வோர் கண்ணுக்கு அழகாக. மால்சா, இராய்சினா முதலிய சிற்றூர்களின் நிலம் அரசால் எடுத்துக்கொள்ளப்பட்டது; அதுகாறும் அங்கே ஆடு மாடு மேய்த்தவர்களும் விறகொடித்தவர்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். காட்டைக் காப்பது என்றால் மக்களை அகற்றுவது என்ற எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது. அதன் பயனைப் பின்னால் காண்போம்.

கற்பாறையில் விரைவில் பசுமை காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், அமெரிக்கக் கண்டத்து மரம் ஒன்றைக் கொணர்ந்து நட்டார்கள். தில்லி மக்கள் அதனை 'விலாயதி கீகர்' என்று அழைத்தார்கள். கீகர் என்பது கருவேல். விலாயதி என்றால் சீமை. ஆம், இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் நாம் பார்த்துச் சலித்த அதே சீமைக் கருவேல்தான்! இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாற்பட்ட இரு மொழியினர், ஒருவரையொருவர் கேளாமலே, ஒரு மரத்திற்கு ஒரே பெயரை இட்டிருக்கிறார்கள். அங்கே கண்மாய்களில் அது செய்ததை இங்கே குன்றில் செய்தது. வெட்ட வெட்டத் தழைத்தது. ஆடும் மாடும் அதன் காய்களைத் தின்று விதைகளைப் பரப்பின. அதன் நிழலில் மண்ணுக்குரிய செடிகள் மெல்ல மெல்ல அருகின. ஏழைக்கு விறகு தந்தது என்ற நன்றியையும் அதற்குச் சொல்லத்தான் வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற பின்னர் ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. அகதிகளாய் வந்தவர்களுக்கு வீடு வேண்டும். பெருகிவந்த அரசாங்க ஊழியர்களுக்குக் குடியிருப்பு வேண்டும். பல்கலைக்கழகம், சாலை, பூங்கா, எல்லாவற்றிற்கும் இடம் வேண்டும். நகரம் குன்றின் அடிவாரத்திலும் சரிவிலும் ஏறியது. கரோல் பாக்கிலும் இராஜேந்திர நகரிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய நம்மவர் வீடுகளும் இக்கணக்கில் அடங்கும். தெற்கே பாட்டியில் சுரங்கம் தோண்டிச் செம்மண்ணும் மணலும் அள்ளினார்கள். ஒதுக்குக் காடு என்ற அறிவிப்பு காகிதத்தில் இருந்தது. காடு நாளுக்கு நாள் குறைந்தது. காரணம் எளிது. அக்காட்டை அறிந்தவர் நகரில் இல்லை. மேய்ப்பவன் வெளியேற்றப்பட்டான், குடியேறியவனுக்கு அது வெறும் முட்புதர்.

அறியாமைக்கு மருந்து நடையிலிருந்து வந்தது. 1950-ஆம் ஆண்டு வாக்கில், காந்தியடிகளின் நண்பரான ஆங்கிலேயர் ஹோரஸ் அலெக்ஸாண்டர் முதலியோர் தில்லியில் பறவை நோக்குவோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். விடுமுறை நாளில் கூடி, குன்றிலும் ஆற்றங்கரையிலும் நடந்து, கண்ட பறவையைக் குறித்துக்கொள்வதே வேலை. கேட்பவர்க்கு இது பொழுதுபோக்காகவே தோன்றும். ஆனால் குர்காவுன் பக்கத்துச் சுல்தான்பூர் ஏரிக்கு அடிக்கடி சென்ற பீட்டர் ஜாக்ஸன் என்ற பத்திரிகையாளர், அதனைக் காக்க வேண்டுமென்று பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதினார். 1970-களின் தொடக்கத்தில் அவ்வேரி பறவைப் புகலிடமாயிற்று. 1991-இல் தேசியப் பூங்காவாயிற்று. குறிப்பேட்டில் எழுதிய பறவைப் பட்டியல் நிலத்திற்குச் சாட்சியாக மாறியதை அங்கே காண்கிறோம்.

குன்றுக்கு அந்தச் சாட்சிகள் 1979-இல் கிடைத்தார்கள். பள்ளி, கல்லூரி மாணவர்கள் சிலர், மரம் வெட்டப்படுவதையும் கட்டடம் எழும்புவதையும் கண்டு எதிர்த்தார்கள். 'கல்பவிருட்சம்' என்ற அமைப்பு அந்தக் கிளர்ச்சியில் பிறந்ததே. கிளர்ச்சியோடு நின்றிருந்தால் அவர்களை நகரம் விரைவில் மறந்திருக்கும். அவர்கள் காட்டை நடந்து படித்தார்கள்; எங்கே என்ன மரம், எந்தப் பக்கம் அழிகிறது என்று குறித்தார்கள்; 1991-இல் தில்லிக் குன்றுக் காட்டின் சரிவைப் பற்றியும் காப்பைப் பற்றியும் ஒரு நூலே வெளியிட்டார்கள்.

இத்தகைய நடையின் முறையை இங்கே சொல்வது பொருந்தும். விடியற்காலையில் பதினைந்து இருபது பேர் கூடுவார்கள். வழிநடத்துபவர் பத்தடிக்கு ஒருமுறை நிற்பார், ஓர் இலை கைமாறிக் கைமாறிச் செல்லும், கசக்கி முகர்வார்கள், அம்மரத்தின் பெயரை ஒருவர் ஹிந்தியிலும் ஒருவர் வங்காளத்திலும் சொல்வார்கள். ஆனால் நடையின் உயிர்நாடி இறுதியில் உட்கார்ந்து பேசும் பேச்சில் உள்ளது. இந்த நிலம் யாருடையது? ஒரு பகுதி வனத்துறையிடம், ஒரு பகுதி நகர வளர்ச்சி ஆணையத்திடம், ஒரு பகுதி பொதுப்பணித் துறையிடம், ஒரு பகுதி இராணுவத்திடம் என்று குன்று துண்டுபட்டுக் கிடந்தது. சர்வே எல்லைக்கல் எது, இடிபாட்டு மண் கொட்டப்படுவது எவ்விடத்தில், புதுச் சுவர் எழுந்தது என்றைக்கு, இவையெல்லாம் அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியா. வாரந்தோறும் நடப்பவருக்குத் தெரியும்.

அறிஞர்களும் அமைப்புகளும் கூடிப் போராடியதன் விளைவாக, 1993-இல் லவ்ராஜ் குமார் குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1994-ஆம் ஆண்டு மே மாதத்தில் 7,777 ஹெக்டேர் நிலத்தை ஒதுக்குக் காடாக்கும் முதல் அறிவிப்பு வெளியாயிற்று. வடக்கே 87 ஹெக்டேர், நடுவில் 864, தெற்கு நடுவில் 626, தெற்கே ஏறத்தாழ 6,200. மறு ஆண்டில் உச்ச நீதிமன்ற ஆணையின்படி குன்றுக்கென ஒரு மேலாண்மை வாரியமும் ஏற்பட்டது. எல்லை அளந்து, உரிமைக் கோரிக்கைகளைத் தீர்த்து, வெளியிட வேண்டிய இறுதி அறிவிப்போ, முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், 2024 வரையில், பெரும்பகுதி நிலத்திற்கு வரவில்லை. சட்டத்தின் வேகம் அத்தகையது.

இவ்வரலாற்றில் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. நடந்தவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள், விடுமுறை உள்ளவர்கள். விறகு சுமந்து குன்றிலிருந்து இறங்கும் பெண்ணும் அதே பாதையில்தான் நடக்கிறாள். அவளையும் ஆக்கிரமிப்பாளர் கணக்கில் சேர்த்துவிடும் பேச்சு அடிக்கடி கேட்கிறது. அப்படிப் பேசுவோர் மாங்கர் பனியைப் பார்த்துவர வேண்டும். குர்காவுனுக்கும் ஃபரிதாபாதுக்கும் இடையே உள்ள பள்ளத்தாக்கு அது. மாங்கர், பந்த்வாரி, பாலியாவாஸ் என்னும் ஊர்களின் குர்ஜர் மக்கள், குதரியா தாஸ் பாபா என்ற துறவியின் பெயரால் அக்காட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். ஒரு கிளையை ஒடிப்பதும் பாவம் என்பது அவர்கள் கட்டுப்பாடு. சீமைக் கருவேல் எங்கும் பரவிய ஆரவல்லியில், மண்ணுக்குரிய 'தௌ' மரம் அடர்ந்து நிற்கும் இடம் அதுவே. நம் ஊர்க் கோயில்காடுகளின் வடநாட்டு உடன்பிறப்பு என்று அதனைச் சொல்லலாம். நகரிலிருந்து நடந்து சென்றவர்களும் ஊராரும் சேர்ந்து குரல் கொடுத்ததனால், 2016-இல் ஹரியானா அரசு அவ்வனத்தையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் கட்டடம் எழாத பகுதியாக ஏற்றது. காவலும் நடையும் ஒன்றுசேர்ந்த இடம் அது.

அயலூரில் வாழும் நமக்கு இதில் என்ன உரிமை என்று சிலர் நினைக்கலாம். குன்றில் ஒருமுறை நடந்தால் அவ்வெண்ணம் தளரும். அங்கே 'கேஜ்ரி' என்பது நம் கோயில்களில் தலமரமாய் நிற்கும் வன்னி. 'ரோஞ்ச்' நம் வெள்வேல். 'டாக்' என்பது புரசு, 'பேர்' இலந்தை, சங்கப் புலவர்கள் பாலை நிலத்து மரமாகக் கண்ட உகாயின் இனம் இங்கே 'பீலு'. மாற்றலாகி வந்த குமாஸ்தாவும், கடை வைத்திருப்பவரும், அவர்கள் பிள்ளைகளும், ஊரில் பாட்டி சொன்ன பெயரை இந்த நடைகளில் சொல்லும்போது மற்றவர்கள் அதனைக் குறித்துக்கொள்கிறார்கள்.

வசந்த விஹாரின் அருகே, கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில், தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் வழிகாட்டுதலில் ஆரவல்லிக் காட்டை மீண்டும் வளர்க்கும் பணி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கியது. மலை மந்திரிலிருந்து அதிகத் தொலைவில்லை. மாசி பங்குனியில் சென்றால், இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செந்தீயாய்ப் பூத்து நிற்கும் புரசைப் பார்க்கலாம்.