கத்தி வைக்கும் முன் பிளட் ரிசர்வ்: நின்டெண்டோ வீ திறக்கப்பட்ட கதை

1/
ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஆபரேஷன் தியேட்டர்ல நான் முதல்ல கத்துக்கிட்டது தையல் போட இல்லீங்க. "பிளட் ரிசர்வ் பண்ணியாச்சா?"ன்னு கேட்கத்தான். உள்ளே போறதுக்கு முன்னாடியே திரும்பி வர வழி இருக்கணும்.

2/
போன வாரம் டியூட்டி ரூம்ல ஒரு நண்பர் பழைய நின்டெண்டோ வீ ஒன்றைக் கொண்டு வந்தார். "இதுல ஹோம்ப்ரூ போடணும், அஞ்சு நிமிஷ வேலைதானே?"ன்னு கேட்டார். நான் திருப்பிக் கேட்டது அதே தியேட்டர் கேள்வி. ஏன்னு புரிய இந்தப் பெட்டியோட வரலாறு தெரியணும்.

3/
முதல்ல, ஹோம்ப்ரூன்னா என்ன? கம்பெனி அனுமதி இல்லாம, ஆர்வலர்கள் தாங்களே எழுதுற மென்பொருள். சின்ன விளையாட்டுகள், வீடியோ பிளேயர் இப்படி. திருட்டு கேம் என்பது வேற. இரண்டையும் குழப்பிக்காதீங்க.

4/
வீ வெளிவந்தது 2006 நவம்பரில். உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்றது. கம்பெனியோட கையெழுத்து இல்லாத எந்த நிரலும் அதில் ஓடாது. பூட்டு பலமாத்தான் இருந்தது.

5/
அதைத் திறந்த கருவி என்ன தெரியுமா? ஒரு ட்வீசர்! பழைய கேம்கியூப் விளையாட்டுகளை ஓட்டும்போது, வீ தன் நினைவகத்தில் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். ஒரு குழு மெமரியின் முகவரிக் கம்பிகளை ட்வீசரால் இணைத்து, மறைந்திருந்த பகுதிகளையும் படித்தது. உள்ளே ரகசியச் சாவிகள்! 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் மாநாட்டில், வீ-யில் சொந்த நிரல் ஓடுவதைக் காட்டினார்கள். குழுவின் பெயரே டீம் ட்வீசர்ஸ்.

6/
சாவி கிடைத்ததும் உள்ளிருந்த நிரலைப் படிக்க முடிந்தது. அங்கே ஒரு பெரிய ஓட்டை. நம்ம பாஷையில் சொல்றேன். ரத்தப் பையில் உள்ள எண்ணையும் கேஸ் ஷீட்டில் உள்ள எண்ணையும் கடைசி இலக்கம் வரை ஒப்பிடணும். இரண்டிலும் முதல் இலக்கம் பூஜ்யம்னா, மீதியைப் பார்க்காமலே "சரி, ஏத்துங்க"ன்னு ஒருத்தர் சொன்னா எப்படி இருக்கும்? வீ தன் கையெழுத்தை அப்படித்தான் சரிபார்த்தது. சராசரியா 256 தடவை முயன்றால் போலிக் கையெழுத்து தயார்.

7/
2008 பிப்ரவரியில் பொதுமக்களுக்கும் வழி கிடைத்தது. செல்டா ட்விலைட் பிரின்சஸ் விளையாட்டில் நாயகனின் குதிரை எபோனா. சேவ் ஃபைலில் அந்தக் குதிரைக்கு அளவுக்கு மீறி நீளமா பேர் வெச்சாங்க. ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்த எழுத்துகள் வழியா அவங்க நிரல் ஓட ஆரம்பித்தது. மே மாதம் ஹோம்ப்ரூ சேனல் வந்தது. முழுக்க இலவசம்.

8/
ஆனா இலவசத்தையும் காசுக்கு வித்தாங்க! அதனால "இதுக்கு நீங்க பணம் கொடுத்திருந்தா ஏமாந்துட்டீங்க"ன்னு திரையிலேயே எச்சரிக்கை போட வேண்டியதாச்சு.

9/
அடுத்த பிரச்சினை இன்னும் பெரிசு. கண்டதை நிறுவி, சிஸ்டம் ஃபைல்களை அழித்து, பலர் பெட்டியைச் சாகடித்தார்கள். இப்படிச் செத்த பெட்டிக்கு ஆர்வலர்கள் வைத்த பெயர் செங்கல். பூட்டைத் திறந்த அதே குழுவே 2009-ல் மருந்தும் தந்தது: பூட்மீ. வீ-யின் 512 எம்பி உள் நினைவகம் மொத்தத்தையும் எஸ்டி கார்டில் நகல் எடுக்கும். கெட்டுப்போனா திருப்பி எழுதும்.

10/
2009 செப்டம்பரில் கம்பெனி 4.2 அப்டேட் விட்டது. பூட்மீயை அகற்ற, பெட்டி உயிர்பெறும் தொடக்க நிரலான பூட்2-வையே மாற்றி எழுதியது. அந்த இடத்தில் எழுதும்போது பிசகினா அவ்வளவுதான். எந்த மாற்றமும் செய்யாத சில பெட்டிகள்கூடச் செத்துப்போனதாகப் புகார்கள் வந்தன. கவனிங்க, சேதம் வர ஹேக்கர் தேவையில்லை. ஆதாரமான இடத்தில் யார் கை வைத்தாலும் ஆபத்து ஒன்றுதான்.

11/
சரி, இன்னைக்கு செய்யணும்னா? நண்பருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

• சிஸ்டம் 4.3-ல இருந்தா, 2011-ல் வந்த லெட்டர்பாம் போதும். மெசேஜ் போர்டில் ஒரு கடிதமா வரும். விளையாட்டு டிஸ்க் தேவையில்லை.
• உருவாக்கியவர்களிடமிருந்தே எடுங்க. காசு கேட்டா விலகுங்க.
• ஹோம்ப்ரூ சேனலோட பூட்மீயையும் போடுங்க. அடுத்த வேலை பேக்கப். அதைக் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் வைங்க.
• அடுத்தவர் பேக்கப் உங்களுக்கு உதவாது. ஒவ்வொரு வீ-க்கும் தனிச் சாவி. கிராஸ் மேட்ச் ஆகாத ரத்தம் மாதிரி.
• வேறு நாட்டு சிஸ்டம் மெனுவைப் போடாதீங்க. புரியாத ஃபைலை அழிக்காதீங்க.
• எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போகக் கூடாது.

12/
ஒரு முக்கிய எச்சரிக்கை. ஆரம்ப கால வீ-களில் மட்டுமே பூட்மீயை பூட்2-வில் போட முடியும். உங்களுடையதில் முடியுமான்னு இன்ஸ்டாலரே சொல்லும். பிந்தைய பெட்டிகளில் அந்த ஓட்டையைத் தொழிற்சாலையிலேயே அடைச்சுட்டாங்க. அதில் பெட்டி எழுந்தால்தான் பூட்மீயும் எழும். பேக்கப் இருந்தும், திருப்பி எழுத சிப்பைத் தொட்டு வேலை செய்யும் தனிக் கருவி தேவைப்படும். அதனால அந்தப் பெட்டிக்காரங்க இரண்டு மடங்கு கவனமா இருங்க.

13/
நண்பர் கேட்டார்: "இவ்வளவு முன்னேற்பாடா? ஒன்னும் ஆகலன்னா வீண்தானே?"

ரிசர்வ் பண்ணின ரத்தம் பெரும்பாலான ஆபரேஷன்ல பிளட் பேங்குக்கே திரும்பிப் போகும். அதை நாங்க யாரும் வீண்னு சொல்றதில்லை. நல்லபடியா முடிஞ்சதுன்னுதான் சொல்வோம்.

முதல்ல எஸ்டி கார்டு வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கேன். நீங்களும் அங்கிருந்தே ஆரம்பிங்க.